டர்பன் சந்தையில் தேடிய தமிழ்

தென்னாப்பிரிக்கா என்றதும் பலருக்கும் சிங்கமும் யானையும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பயணத்திலும் காட்டுலா இருந்தது. ஆனால், இந்தியப் பெருங்கடலோரம் இருக்கும் டர்பன் நகருக்கென்று தனியாக நான்கு நாள் ஒதுக்கினேன். சிங்கத்தைவிட அங்குள்ள நம்மவர்களைப் பார்க்கும் ஆவல்தான் அதிகம்.

1860 நவம்பர் 16ஆம் தேதி, மதராஸிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு இங்கே கரை சேர்ந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்ட வேலை. 1911 வரை இப்படி வந்தவர்கள் 152,000 பேருக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பலேறியவர்கள். நம் தாத்தா பாட்டிக்குப் பால் மரம் என்றால் அவர்களுக்குக் கரும்பு.

முதல் நாள் காலையிலேயே வார்விக் சந்திப்புக்குப் போனோம். ரயில் நிலையம், வேன் நிறுத்தங்கள், அவற்றைச் சுற்றி வரிசையாகச் சந்தைகள். அவற்றில் பழமையானது 1910இல் தொடங்கிய ‘அதிகாலைச் சந்தை’. 2009இல் இதை இடித்துப் பேரங்காடி கட்டத் திட்டம் வந்தது. வியாபாரிகள் ஒன்று திரண்டு எதிர்த்ததால் சந்தை பிழைத்தது.

உள்ளே நுழைந்ததும் கறிவேப்பிலை வாசம். முருங்கைக்காய், பச்சை மிளகாய், கட்டுக் கட்டாகக் கீரை. கீரையை இங்குள்ள இந்தியர்கள் ‘ஹெர்ப்ஸ்’ என்கிறார்கள். பக்கத்திலேயே நம் சேப்பங்கிழங்கு போன்ற ‘அமாதும்பே’யை ஜூலு பெண்கள் குவித்து வைத்திருந்தார்கள். வெளியே பெரிய பீப்பாய்களில் சோளம் வெந்துகொண்டிருந்தது. அருகில், பாதியில் நின்றுபோன மேம்பாலம் ஒன்றின் மேல் மூலிகைச் சந்தையே நடக்கிறது. வேர், பட்டை, கிழங்கு என்று நம் நாட்டு மருந்துக் கடையைப் பத்து மடங்கு பெரிதாக்கியது போல இருந்தது.

அறுபது வயதைத் தாண்டிய கீரைக்கார அம்மா ஒருவரிடம், “என்ன விலைம்மா?” என்று தமிழிலேயே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “அது எங்க ஆயா பேசின பாஷை. கேட்டால் கொஞ்சம் புரியும், பேச வராது” என்றார் ஆங்கிலத்தில். ‘ஆயா’ என்ற சொல் மட்டும் தமிழாகவே வந்தது. காசு வாங்கிக்கொண்டவர், கேட்காமலேயே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். அந்தப் பழக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பெயர்களும் அப்படித்தான். கடைப் பலகைகளில் பிள்ளே, மூட்லி, கொவெண்டர், படையாச்சி. பிள்ளையும் முதலியாரும் கவுண்டரும் ஆங்கில எழுத்தில் ஏறி, அந்த எழுத்தின் உச்சரிப்பிலேயே தங்கிவிட்டார்கள்.

அடுத்து விக்டோரியா தெருச் சந்தை. மசாலாத் தூள்களைக் கோபுரம் கோபுரமாகக் குவித்திருக்கிறார்கள். மிகக் காரமான கலவைக்கு ‘மாமியார் ஒழிப்பான்’ என்று பொருள்படும் பெயர்! கூட வந்த மாமியார்தான் முதலில் சிரித்தார். அரை கிலோ வாங்கியதும் அவர்தான்.

மதியம் சிறிய உணவுக்கடை ஒன்றில் ‘பன்னி சௌ’. ரொட்டியைக் குடைந்து, குழிக்குள் ஆட்டுக்கறியோ பீன்ஸ் கறியோ ஊற்றித் தருவார்கள். கால், அரை, முழு ரொட்டி என்று கேட்டு வாங்க வேண்டும். கரண்டி இல்லை, கையால்தான். பக்கத்து மேசையில் ஜூலு இளைஞர்கள் எங்களைவிட நேர்த்தியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில். கரும்புத் தோட்ட மக்கள் வழிபட 1898இல் எழுந்தது. பூசை, விபூதி, தேங்காய் எல்லாம் நம் ஊர்தான். பாடிய குழுவினர் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுக்க ஆங்கில எழுத்தில் இருந்தது. ராகம் தவறவில்லை. பாடி முடித்த இளம்பெண்ணிடம் பொருள் கேட்டேன். “தெரியாது, ஆனால் அம்மா இப்படித்தான் பாடுவார்” என்றாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ், சமூக அமைப்புகள் நடத்திய மாலை வகுப்புகளை நம்பியே இருந்தது. இனஒதுக்கல் காலத்தில் பழைய குடியிருப்புகள் கலைக்கப்பட்டன. நகராட்சித் தொழிலாளர்களான தமிழர்கள் நிறைந்திருந்த ‘மேகசின் பேரக்ஸ்’ மக்கள் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு கோயிலும் சமையலும் உறவுப் பெயர்களும் நிலைத்திருப்பதே பெரிது.

ஆனால், ஒன்று உறைத்தது. பக்தியும் ருசியும் ஒரு மொழியைத் தனியாகக் காப்பாற்றிவிடாது. அதற்குப் பள்ளி வேண்டும், வீட்டில் பேச்சு வேண்டும். நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. முதலாம் ஆண்டுப் பதிவுக்குத் தயங்கும் பெற்றோர் ஒருமுறை டர்பன் போய் வரலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: வார்விக் சந்தைகளுக்குக் காலையில், உள்ளூர் வழிகாட்டியோடு செல்லுங்கள். நகை, விலையுயர்ந்த கேமரா வேண்டாம். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், குறிப்பாக மூலிகைச் சந்தையில். விலை கேட்கும்போது ஒரு வார்த்தை தமிழில் பேசிப் பாருங்கள். பதில் ஆங்கிலத்தில் வரும். சிரிப்பு மட்டும் நம் வீட்டுச் சிரிப்பாக இருக்கும்.