திருப்பூரின் கூட்டுப் பலம்

திருப்பூரில் ஒரு பனியன் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நிட்டிங், சாயம், பிரிண்டிங், காஜா பட்டன், அயர்னிங் என ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு பட்டறையில் நடக்கிறது. நான்கைந்து தையல் மிஷின் வைத்திருப்பவருக்கும் ஏற்றுமதியில் பங்கு கிடைப்பது இந்த ஜாப் ஒர்க் முறையால்தான். 1990இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கம் பொதுத் தேவைகளை அரசிடம் கொண்டு சென்றது. காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் அரசும் தொழில்துறையும் கைகோத்ததன் பலன்.

ஆனால் சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது. நொய்யல் கொடுத்த விலையை மறந்து திருப்பூரின் வளர்ச்சியைப் பேசுவது நியாயமல்ல. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை மீண்டும் திறக்கத் தேவைப்பட்ட, சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையத்தைச் சிறு பட்டறை ஒன்று தனியாக அமைப்பது நடவாத காரியம். பல பட்டறைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே தொழிலை மீட்டன; மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்து கைகொடுத்தது. அங்கே ஆர்.ஓ. சவ்வுகளில் பிரியும் நீர் மீண்டும் சாயப்பட்டறைக்கே வருகிறது; உப்புக் கரைசலும் அடுத்த சாயமேற்றலுக்குப் பயன்படுகிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை அப்புறப்படுத்தும் சிக்கல் மட்டும் முழுதாகத் தீரவில்லை.