தாளம் எதிராளி கையில்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைய டென்னிஸ் வகுப்பில் மட்டையைவிடக் காலுக்குத்தான் வேலை. எதிராளி பந்தை அடிக்கும் நேரத்தில் இரண்டு காலாலும் சின்னதாக ஒரு குதி குதித்து, முன்பாதத்தில் இறங்க வேண்டும். ‘ஸ்பிளிட் ஸ்டெப்’ என்கிறார்கள். இறங்கிய வேகத்திலேயே பந்து வரும் பக்கம் பாய்ந்துவிடலாம். கூட வந்தவர்களுக்குக் குதிப்பு தனியாகவும் ஓட்டம் தனியாகவும் நின்றது. எனக்கோ கால் தானாகவே போயிற்று. முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டும் குதித்துமெட்டு அடவைச் சிறு வயதிலிருந்து போட்டுவந்த கால் இது. இங்கே குதிகாலைத் தட்டாமலே கிளம்ப வேண்டும்; அது ஒன்றுதான் புதிது.

“அக்கா, முன்னாடியே ஆடியிருக்கீங்களா?” என்று கோச் கேட்டார்.

“டென்னிஸ் இல்ல தம்பி, பரதம்.”

பிப்ரவரி 5, புதன்

தாழ்ந்து வரும் பந்துகள். வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர். முழங்காலுக்குக் கீழே வரும் பந்தை அதற்கு மேலே தூக்கி அனுப்ப உடம்பு முழுவதும் இறங்க வேண்டும். இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்தவர்களின் பந்து வலையில் போய் விழுந்தது. முதுகு நேராக, தொடையில் பாரத்தைத் தாங்கி இறங்குவதுதான் அரைமண்டி. அந்தத் தொடை பலம் இன்று முழுக்கக் கைகொடுத்தது.

ஆனால் அரைமண்டியை அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நாட்டியத்தில் குதிகால்கள் நெருங்கி, பாதமும் முட்டியும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கோர்ட்டில் கால்கள் தோளைவிட அகலமாக, விரல்கள் ஏறக்குறைய முன்னோக்கி இருக்க வேண்டும். முட்டி எப்போதும் கால்விரல் போகும் திசையிலேயே மடங்க வேண்டும். இது நாட்டியக்காரர்கள் தனியாகப் பழக வேண்டிய விஷயம்.

பிப்ரவரி 6, வியாழன்

காலில் வலியே இல்லை. தோள்தான் கடுக்கிறது. தலைக்கு மேல் கையை வீசி சர்வ் அடிக்கும் வேலையை எந்த அடவும் எனக்குக் கற்றுத் தரவில்லை. நடனம் தெரிந்தால் டென்னிஸ் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றுதான் விஷயம் புரிந்தது. பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் சொன்னார் கோச். டிமோதி கால்வே 1974இல் எழுதிய ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ புத்தகத்தில் உள்ள பயிற்சியாம். நான் ‘தெய்’, ‘தத்’ என்று சொல்லிக்கொண்டேன். சொல்லுக்கட்டைச் சொல்லிக்கொண்டே அடவு போட்ட வாய்க்கு இதில் சிரமமே இல்லை. சொல்லில் கவனம் போனதும் மட்டை அவசரப்படுவது நின்றது. பந்து நடுமட்டையில் பட்டபோது வந்த சத்தமே வேறு.

அதோடு நின்றிருந்தால் எல்லா நாட்டியக்காரர்களும் நல்ல ஆட்டக்காரர்கள் ஆகியிருப்பார்கள். அடவுகளை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், செய்கிறோம். ஆனால் எந்தக் காலம் என்பதை நட்டுவனாரின் தட்டுக்கழி சொல்லிவிடும். இங்கே தட்டுக்கழி எதிராளி கையில். கோச் ஒரு ஸ்லைஸை மெதுவாக மிதக்கவிட்டார். அதே வேகத்துக்கு என் உடம்பு அமர்ந்ததும் அடுத்த பந்தை ஓங்கி அடித்தார். முதல் காலத்திலிருந்து மூன்றாம் காலத்துக்கு ஒரே தாவல், முன்னறிவிப்பு கிடையாது.

இதற்கும் நம்மிடம் ஒரு பாடம் இருக்கிறது: எடுப்பு. தாளம் விழுந்து சற்றுத் தள்ளித் தொடங்கும் பாட்டுக்கு ஆடுகிறவள் தட்டைக் காதில் வாங்கி, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் காத்திருந்து காலை எடுப்பாள். ஸ்பிளிட் ஸ்டெப்பும் அதேதான். எதிராளி மட்டையில் பந்து படும்போது நான் காற்றில் இருக்க வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னால் பாதம் தரையில். இப்படி எண்ணிக்கொண்ட பிறகு கோச் வேகத்தை மாற்றியும் பெரும்பாலான பந்துகளைத் தொட்டேன். டென்னிஸுக்கு நடனம் தரும் பெரிய சொத்து இந்தக் காதுதான் என்பேன். எல்லாரும் பாராட்டும் நளினம் அதற்குப் பிறகுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

டென்னிஸுக்கும் நடனத்துக்கும் உள்ள உறவு பழையது. 1919க்கும் 1925க்கும் இடையே விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்ற பிரெஞ்சு வீராங்கனை சூசான் லெங்லென் கோர்ட்டில் பாலே ஆடுவதுபோல் பாய்ந்து அடிப்பார். 1924இல் பாரீஸில் அரங்கேறிய ‘ல த்ரான் ப்ளூ’ பாலேயில் அவர் சாயலில் ஒரு டென்னிஸ் வீராங்கனை பாத்திரம் உண்டு. நடனம் அமைத்து, அந்த வேடத்தைத் தானே ஆடியவர் ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா. அவருடைய அண்ணன் நிஜின்ஸ்கி, 1913இலேயே தெபுஸ்ஸியின் இசைக்கு ‘ழூ’ என்று டென்னிஸை வைத்து ஒரு பாலே அமைத்திருந்தார். டென்னிஸுக்குள் இருக்கும் நடனத்தை நாட்டியக்காரர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை.

பிப்ரவரி 15, சனி

நான் நடத்தும் நடன வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். “டீச்சர், ஸ்கூல்ல டென்னிஸ் சேரணும்னு அடம் பிடிக்கிறா. டான்ஸுக்குக் கால் கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு.”

“கெடாதுங்க, சேர்த்துவிடுங்க” என்றேன். “ஓடுற ஷூ வேண்டாம், பக்கவாட்டுல பாதத்தைப் பிடிச்சு நிறுத்துற டென்னிஸ் ஷூவா வாங்குங்க. தோளுக்குத் தனியா பயிற்சி கொடுக்கச் சொல்லுங்க. டென்னிஸ் இருக்கிற அன்னிக்கு சாயங்காலம் அவளுக்கு மண்டி அடவு வேண்டாம், நான் பார்த்துக்கிறேன். மத்தபடி பயப்பட ஒண்ணுமே இல்ல.”