அஞ்சு பவுண்ட் கொடுத்தா அடி வாங்கலாம்!

ஒரு கேள்வி பாஸ். வாரம் முழுக்க வேலை பார்த்து முதுகு ஒடிஞ்சு போச்சு. சனிக்கிழமை லீவு. அன்னிக்கு மதியம் ரெண்டரை மணிக்கு, மழையில, சேத்துல, நூறு கிலோ ஆசாமிங்க மூணு பேர் ஓடி வந்து உங்க மேல விழுவாங்க. இதுக்கு உங்களுக்கு யாரும் பைசா தரமாட்டாங்க. நீங்கதான் அஞ்சு பவுண்ட் கட்டணும். போவீங்களா?

போறாங்க! இங்கிலாந்தோட வடக்குப் பக்கம், ஊருக்கு ஊர், வாரா வாரம் போறாங்க. அவங்களோட ஒரு சீசன் சுத்தினவன் நான். விளையாடலை. பயந்துடாதீங்க, என் வெயிட் 58 கிலோதான்.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். 2022 செப்டம்பர்ல எம்.எஸ்ஸி. படிக்க யார்க்‌ஷயர்ல இருக்கிற ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனேன். காலேஜ், ரூம், சனி ஞாயிறு குடோன்ல பெட்டி அடுக்குற வேலை. இவ்வளவுதான் வாழ்க்கை. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். சில நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாமலே தூங்கப் போயிருக்கேன். அம்மா போன் பண்ணா மட்டும் ‘சூப்பரா இருக்கேம்மா’ன்னு ஒரு டயலாக்!

ஜனவரில ஒரு வியாழக்கிழமை ராத்திரி, ரூமுக்குத் திரும்புற வழியில கிரவுண்ட்ல லைட் எரிஞ்சுது. இருபது பேர் மூச்சுல புகை விட்டுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கிட்டு இருந்தாங்க. வேலியோரம் நின்னு பார்த்தேன். பக்கத்து ஷெட்ல இருந்து எழுபது வயசுப் பாட்டி ஒருத்தங்க எட்டிப் பார்த்து, “குளிரலையா லவ்?”னு கேட்டாங்க. பதறாதீங்க, யார்க்‌ஷயர்ல ‘லவ்’னா நம்ம ‘கண்ணு’, ‘ராசா’ மாதிரி. பஸ் டிரைவருக்கும் சொல்வாங்க, நாய்க்குட்டிக்கும் சொல்வாங்க. கையில ஒரு கப் டீ வந்துச்சு. அடுத்த வியாழக்கிழமையும் போனேன். மார்ச் வர்றதுக்குள்ள அந்த ஷெட்டுல வெங்காயம் நறுக்குற வேலை எனக்குப் பர்மனென்ட் ஆயிடுச்சு.

ரக்பின்னதும் நீங்க நினைக்கிறது பதினஞ்சு பேர் ஆடுற ரக்பி யூனியன். இது வேற, ரக்பி லீக். பதிமூணு பேர். நம்ம கபடி தெரிஞ்சவங்களுக்கு இது ஈஸி. பந்தை வெச்சிருக்கிறவன் எதிராளிங்க மேல பாய்வான், அவங்க அமுக்குவாங்க. அமுக்கினதும் விட்டுடணும். அவன் எழுந்து பந்தைக் காலால பின்னாடி தள்ளிவிட, அவன் டீம் ஆள் எடுத்துக்கிட்டு மறுபடி பாய்வான். இப்படி ஆறு தடவை. அதுக்குள்ள கோட்டைத் தாண்டித் தரையில பந்தை வெச்சா ‘ட்ரை’, நாலு பாயின்ட். வைக்க முடியலையா, பந்து எதிராளிக்கு. முன்னாடி ஓடலாம், ஆனா பந்தைப் பின்னாடிதான் எறியணும். எண்பது நிமிஷம். முடிஞ்சது ரூல்ஸ் கிளாஸ்.

மேல சூப்பர் லீக்னு சம்பளம் வாங்குற புரொஃபஷனல் ஆட்டம் இருக்கு. நான் சொல்றது அதுக்கெல்லாம் கீழ. அமெச்சூர் ஆட்டத்துல உச்சியில நேஷனல் கான்ஃபரன்ஸ் லீக். அதுக்கும் கீழ யார்க்‌ஷயருக்கு ஒண்ணு, லங்காஷயர்ப் பக்கம் ஒண்ணு, கம்ப்ரியாவுக்கு ஒண்ணுன்னு வட்டார லீக்குகள். ஒவ்வொண்ணுலயும் டிவிஷன் டிவிஷனா கிளப்கள். ஜெயிச்சா மேல ஏறலாம், தோத்தா கீழ இறங்கணும். நேஷனல் கான்ஃபரன்ஸ்ல கிழக்குக் கடற்கரை ஹல்லுல இருந்து மேற்குக் கடற்கரைப் பக்கம் எக்ரிமான்ட் வரைக்கும் பஸ் பிடிச்சுப் போய் அடி வாங்கிட்டு, அதே பஸ்ல திரும்புவாங்க. முன்னாடி குளிர்காலத்துல நடந்த லீக், 2012-ல கோடைக்கு மாறுச்சு. கோடைன்னா நம்ம கோடை இல்லை சாமி. ஏப்ரல்ல ஆலங்கட்டி மழையில நின்னிருக்கேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கிளப்களோட பேருங்க. ஊர்ல கபடி டீம் பேரைச் சொன்னா எந்தத் தெரு, எந்தக் கோயில், எந்த நற்பணி மன்றம்னு தெரிஞ்சிடும்ல? அதே கதைதான் அங்கயும். விகன் செயின்ட் பேட்ரிக்ஸ்னா சர்ச். டூஸ்பரி செல்டிக்னா அயர்லாந்துல இருந்து பிழைக்க வந்தவங்க ஆரம்பிச்சது. பில்கிங்டன் ரெக்ஸ் கண்ணாடி ஃபேக்டரி தொழிலாளிங்களோட டீம். லீ மைனர்ஸ், க்ளாக் ஃபேஸ் மைனர்ஸ்... ‘மைனர்’னா நம்ம ஊர் மைனர் இல்லைங்க, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி! அந்தச் சுரங்கங்களை எல்லாம் மூடி வருஷக்கணக்காச்சு. சுரங்கம் போச்சு, சம்பளம் போச்சு, ஜெர்ஸியில பேர் மட்டும் இருக்கு. வேக்ஃபீல்டு பக்கத்துல ஷார்ல்ஸ்டன்னு ஒரு சுரங்கக் கிராமம். ரக்பி லீக்ல 6,220 பாயின்ட் எடுத்து ரெக்கார்ட் வெச்ச நீல் ஃபாக்ஸுக்கு அதுதான் சொந்த ஊர். நம்ம குலசேகரப்பட்டினம் சைஸ்கூட இருக்காது.

ஆனா ஒரு கிளப்பை ஓட்டுறது இருக்கே... மேட்ச் ஆடுறது அதைவிட ஈஸி. எங்க செக்ரட்டரி ரிட்டயர்டு பஸ் டிரைவர். அவர் சமையல் மேஜைதான் கிளப் ஆபீஸ். ஒவ்வொரு பிளேயரையும் முன்கூட்டியே ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும். மேட்ச் நடத்தப் பொறுப்பா ஒருத்தர் வேணும். முதலுதவி சர்ட்டிஃபிகேட் உள்ள ஆள் வரலைன்னா ஆட்டமே தொடங்கக் கூடாது. லீக் ரெஃப்ரியை அனுப்பும். கோட்டோரம் கொடி பிடிக்க ஆளுக்கு ஒருத்தரைக் கிளப்தான் தரணும். அதுக்கப்புறம் ஜெர்ஸி துவைக்கணும், கோடு போடணும், கரன்ட் பில் கட்டணும். இதுக்கெல்லாம் காசு எங்கேருந்து? பாரில விக்கிற பீர், பாட்டி போடுற பர்கர், அப்புறம் பிளேயருங்க தர்ற அந்த அஞ்சு பவுண்ட்.

இப்ப அந்த சனிக்கிழமைக்கு வருவோம். 2023 மே மாசம். எங்க ரெண்டாவது டீம் வெளியூர் மேட்ச். வியாழக்கிழமை வாட்ஸ்அப்ல ‘வர்றேன்’னு கட்டைவிரல் காட்டினவங்க பதினேழு பேர். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பதினொண்ணு. ஒருத்தனுக்கு ஓவர்டைம், ஒருத்தனுக்கு மச்சினிச்சி கல்யாணம், ஒருத்தன் போனையே எடுக்கலை. முந்தின ராத்திரி அவனை எந்த பாரில பார்த்தாங்கன்னு ஊருக்கே தெரியும். அந்த சீசன்ல ஏற்கெனவே ஒரு மேட்ச் ஆள் இல்லாமக் கைவிட்டாச்சு. இன்னொண்ணும் போனா, இந்த வருஷத்தோட ரெண்டாவது டீமைக் கலைச்சிடுவோம்னு கமிட்டியில முடிவு பண்ணியிருந்தாங்க. ரெண்டாவது டீம் போனா பதினெட்டு வயசுப் பசங்க ஆட இடமில்லை. பசங்க போனா நாலு வருஷத்துல முதல் டீமும் காலி.

ஒன்பதரைக்குச் செக்ரட்டரி எனக்கு போன் பண்ணார். “கொடி பிடிக்க ஆள் இல்லை. பிடிக்க வேண்டியவன் ஆட வர்றான். நீ வர முடியுமா?”

அன்னிக்கு எனக்கு குடோன்ல எட்டு மணி நேர ஷிஃப்ட். மணிக்கு 10.42 பவுண்ட். அதாவது 83 பவுண்ட் சொச்சம். என் ரெண்டு வாரச் சாப்பாடு! வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறினேன். ஏன் போனேன்னு கேட்காதீங்க. அந்த ஊர்ல என்னை யாராவது ‘வேணும்’னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பன்னெண்டு பேரோட ஆடினாங்க. பதிமூணாவது ஆள் கடைசி வரைக்கும் வரலை. கொடி பிடிக்க வேண்டியவருக்கு நாப்பத்தி மூணு வயசு. மூட்டுல கட்டு, மூச்சுல விசில். 46-10-னு தோத்தோம். ஆனா கைவிடலை, ஆடி முடிச்சோம். அந்தப் பத்துல நாலு பாயின்ட் எடுத்தது எங்க விங்கர் அண்ணன். மூலையில, என் காலடியில பாய்ஞ்சு வெச்சார். நான் கொடியைத் தூக்கினேன் பாருங்க, கிளாஸ்ல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினப்பகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை!

பத்து நிமிஷம் கழிச்சு அதே அண்ணன் மேல ரெண்டு பேர் விழுந்தாங்க. ‘டக்’னு ஒரு சத்தம். கழுத்துப்பட்டை எலும்பு.

ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் வெயிட்டிங். செக்ரட்டரி, நான், சேறு காயாத ஜெர்ஸியோட அண்ணன். வலியில முகம் வெளுத்துப் போய் உக்கார்ந்திருந்தவர் கேட்ட ஒரே கேள்வி, “எத்தனை வாரம்?” ஆறு வாரம்னு நர்ஸ் சொன்னதும்தான் அவர் கண்ணு கலங்குச்சு. அண்ணன் வேலை சுவத்துக்குப் பூச்சு பூசுறது. சொந்தத் தொழில். கையைத் தூக்கினாதான் காசு. வீட்டுல ரெண்டு குழந்தைங்க.

அவர் எக்ஸ்ரேவுக்குப் போனப்ப செக்ரட்டரி சொன்னார், “ஸ்டேஷனுக்கு எதிர்ல ஜார்ஜ் ஹோட்டல் பார்த்திருக்கியா?” தினமும் பார்க்கிற கட்டடம். 2013-ல மூடினது, பூட்டிக் கிடந்துச்சு. “இந்த ஆட்டம் அங்கதான் பொறந்துச்சு.”

கதை இதுதான். அந்தக் காலத்துல ரக்பி ஒண்ணுதான். தெற்குல ஆடினவங்க வசதியானவங்க. வடக்குல ஆடினவங்க மில் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி. அப்ப சனிக்கிழமையும் வேலை நாள். மேட்ச்சுக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. ‘ஆட்டத்துக்குச் சம்பளம் கேட்கலை, போன கூலியை மட்டும் கொடுங்க’ன்னு 1893-ல லண்டன்ல யார்க்‌ஷயர்க்காரங்க கேட்டாங்க. ஓட்டெடுப்புல 282-க்கு 136-னு தோத்தாங்க. காசு வாங்காம ஆடுறதுதான் கௌரவமாம்! 1895 ஆகஸ்ட் 29-ம் தேதி இருபதுக்கும் மேற்பட்ட வடக்கத்திக் கிளப்கள் ஜார்ஜ் ஹோட்டல்ல கூடி, தனியாப் பிரிஞ்சுட்டாங்க. ஒரு நாள் கூலிக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு. அந்த ஆறு ஷில்லிங்குக்காகப் பொறந்ததுதான் ரக்பி லீக். காசே கூடாதுன்னு சொன்ன யூனியன் ஆட்டமும் சரியா நூறு வருஷம் கழிச்சு, 1995 ஆகஸ்ட்ல சம்பளத்துக்குக் கதவைத் திறந்துடுச்சு. அது வேற காமெடி.

எனக்குக் கோபம் வந்துச்சு. “அப்போ இவருக்கு அந்த ஆறு ஷில்லிங் எங்க சார்?”னு கேட்டுட்டேன். கூலிக்காகச் சண்டை போட்டுப் பிறந்த ஆட்டம். அதே ஊர்ல, அதே மாதிரி ஒரு தொழிலாளி, அஞ்சு பவுண்ட் தன் காசைக் கொடுத்து எலும்பை உடைச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கார். என் 83 பவுண்ட் நினைப்பும் அந்தக் கோபத்துல கொஞ்சம் இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன்.

செக்ரட்டரி பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, “1973-ல இந்த அமெச்சூர் ஆட்டம் சாகக் கிடந்துச்சு. மேல இருந்து யாரும் திரும்பிப் பார்க்கலை. இதே ஹடர்ஸ்ஃபீல்டுல நாலு பேர் கூடி ‘பார்லா’ன்னு சங்கம் ஆரம்பிச்சுக் காப்பாத்தினாங்க. அவங்களுக்கும் யாரும் சம்பளம் தரலை”ன்னார். அது என் கேள்விக்குப் பதிலே இல்லை. இன்னிக்கும் இல்லைன்னுதான் சொல்வேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு கிளப்புக்குத் திரும்பினோம். சனிக்கிழமைன்னா அங்க ‘மீட் ராஃபிள்’ உண்டு. ஒரு பவுண்டுக்கு ஒரு சீட்டு, பரிசு ஒரு தட்டு நிறைய கறி. அன்னிக்கு ஒரு முழுக்கோழி, சாசேஜ், பன்றிக்கறித் துண்டு. முதல் சீட்டு ஒரு தாத்தாவுக்கு விழுந்துச்சு. எழுந்து வந்தவர், தட்டைத் தொடாம, “மறுபடி வித்துடு”ன்னுட்டுப் போய் உக்கார்ந்துட்டார். பாட்டி மறுபடி சீட்டு வித்தாங்க. அடுத்து ஜெயிச்ச அக்காவும் “மறுபடி”ன்னாங்க. அதே கோழி நாலு தடவை விலை போச்சு! அஞ்சாவது தடவை என் நம்பர். நானும் கெத்தா “மறுபடி”ன்னேன். “நீ எடுத்துட்டுப் போ லவ், ஏற்கெனவே இளைச்சுக் கிடக்கே”ன்னு பாட்டி தட்டைக் கையில திணிச்சுட்டாங்க.

மொத்தம் முந்நூறு பவுண்ட் சொச்சம் சேர்ந்துச்சு. அண்ணனுக்கு அது ரெண்டு நாள் வேலைக்கான காசு. எலும்பு கூட ஆறு வாரம்.

அடுத்த சனிக்கிழமை எங்க கிரவுண்ட்லயே மேட்ச். ரெண்டாவது டீமுக்குப் பதினஞ்சு பேர் வந்திருந்தாங்க, அந்த போன் எடுக்காத மகானும் சேர்த்து. வாசல்ல ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு கையைத் தொட்டில் கட்டிக்கிட்டு, இன்னொரு கையால ராஃபிள் சீட்டு வித்துக்கிட்டு இருந்தார் விங்கர் அண்ணன்.

“சீட்டு ஒரு பவுண்ட்”னு கையை நீட்டினார்.

“அண்ணே, நான் கொடி பிடிக்கிற ஆளு!”ன்னேன்.

“ஓ, ஆபீஸரா? அப்ப ரெண்டு பவுண்ட்!”