தவளைக் காலிலிருந்து முகத்துக்கு வந்த மின்சாரம்

வட இத்தாலியில் இருக்கிறது போலோன்யா. மார்ச் மாதம் நெருங்கினால் இங்கே ஹோட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்குக் காரணம் 'காஸ்மோப்ரோஃப்' என்னும் அழகுத்துறை வர்த்தகக் கண்காட்சி. 1967-ல் தொடங்கிய இதற்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் பார்லர் உரிமையாளர்களும் வியாபாரிகளும் வந்து இறங்குகிறார்கள். க்ரீம், சென்ட், ஹேர் டை எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஃபேஷியல் மெஷின்கள். உலோக உருளைகள், ஊதா நிறத்தில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள், வயர் தொங்கும் சிறு பெட்டிகள். 'கால்வானிக்', 'ஃபாராடிக்', 'ஹை ஃப்ரீக்வென்ஸி', 'மைக்ரோகரன்ட்' என்ற சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இதில் முதல் சொல்லுக்குச் சொந்தக்காரர் இந்த ஊர்க்காரர்தான். கண்காட்சித் திடலிலிருந்து பஸ் பிடித்து ஊரின் நடுவே வந்தால், அவர் பெயரிலேயே ஒரு சதுக்கம் இருக்கிறது: பியாட்ஸா கால்வானி. நடுவில் 1879-ல் வைத்த வெள்ளைச் சிலை. கையில் ஒரு பலகை, அதன் மேல் ஒரு தவளை. அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் லூயிஜி கால்வானி. நம் ஊர்க் குழாய்க் கடையில் 'ஜி.ஐ. பைப்' என்று கேட்கிறோமே, அதில் 'ஜி' என்பது 'கால்வனைஸ்டு'. அதுவும் இவர் பெயர்தான்.

போலோன்யாவைச் சுற்றிப் பார்க்கக் குடை வேண்டாம் என்பார்கள். தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடைக்கூடங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெயிலோ மழையோ, அந்த நிழலிலேயே நடந்து போகலாம்.

தோல் உரித்த இருவர்

கால்வானி சிலைக்கு எதிரிலேயே நிற்கிறது ஆர்க்கிஜின்னாஸியோ மாளிகை. 1563-ல் கட்டி முடித்த இது, 1803 வரை போலோன்யா பல்கலைக்கழகத்தின் இருப்பிடம். இப்போது நகர நூலகம். சுவர், கூரை என்று இடம் விடாமல் பழைய மாணவர்களின் குலச் சின்னங்கள் வண்ண வண்ணமாகப் பதிந்திருக்கின்றன.

மாடியில் உடற்கூறு அரங்கம். 1637-ல் முழுக்க மரத்தால் அமைத்தது. நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, அதில்தான் பிணத்தைக் கிடத்திப் பாடம் நடத்துவார்கள். சுற்றிலும் படிப்படியாக மர இருக்கைகள். ஆசிரியரின் ஆசனத்துக்கு மேலே இருக்கும் விதானத்தைத் தாங்கி நிற்கின்றன இரண்டு மரச் சிலைகள். இரண்டுமே தோல் உரித்த மனிதர்கள். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வொரு தசையும் தெரியும்படி வடிவமைத்திருக்கிறார் எர்கோலே லெல்லி. ஃபேஷியல் கற்றுக்கொள்ளும் பெண்கள் புத்தகத்தில் படிக்கும் முகத்தசைகளை இங்கே மரத்தில் பார்க்கலாம். விதானத்தின் உச்சியில் உடற்கூறியல் ஒரு பெண்ணாக அமர்ந்திருக்கிறது. குட்டித் தேவதை ஒன்று அவளுக்குப் பூவுக்குப் பதிலாகத் தொடை எலும்பை நீட்டுகிறது!

1944 ஜனவரி 29-ம் தேதி விழுந்த குண்டில் இந்த அரங்கம் சிதறியது. இடிபாட்டில் கிடைத்த மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, இருந்தபடியே மறுபடி எழுப்பினார்கள். தோல் உரித்த அந்த இருவரும் அப்படி மீண்டு வந்தவர்கள்தாம்.

மனைவியின் பங்கு

கால்வானி இந்த ஊரில் உடற்கூறியல் கற்பித்த மருத்துவர். மனைவி லூச்சியா, அவருடைய ஆசிரியர் கலேயாட்ஸியின் மகள். வீட்டிலேயே ஆய்வுக்கூடம். மேசையில் தோலுரித்த தவளைக் கால்கள், பக்கத்தில் நிலைமின்சாரம் உண்டாக்கும் கருவி. கருவியில் பொறி பறந்த அதே நொடியில், யாரோ கத்தியால் தவளையின் நரம்பைத் தொட, செத்த கால் உதறியது. பிறகு பித்தளைக் கொக்கியில் மாட்டிய கால், இரும்புக் கம்பியில் பட்டபோதும் துடித்தது. விலங்கின் உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார் கால்வானி. 1791-ல் அதை லத்தீனில் நூலாக வெளியிட்டார். அவருடைய ஆய்வுகளில் கூடவே இருந்து, எழுத்துகளைத் திருத்தியும் கொடுத்த லூச்சியா அப்போது உயிரோடு இல்லை. நூலின் அட்டையில் அவர் பெயரும் இல்லை.

1798-ல் நெப்போலியன் அமைத்த புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னபோது, தன் மனசாட்சிக்கு ஒவ்வாது என்று மறுத்தார் கால்வானி. வேலை போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் உயிரும் போயிற்று. கணவனும் மனைவியும் 'கார்ப்புஸ் டோமினி' தேவாலயத்தில் ஒன்றாக அடங்கியிருக்கிறார்கள். 1732-லேயே இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி பெற்ற லௌரா பாஸியின் கல்லறையும் அங்கேதான். பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

மின்சாரத்தை மனித முகத்துக்குக் கொண்டுபோனவர் கால்வானியின் மருமகன் முறையான ஜியோவான்னி அல்டீனி. 1803 ஜனவரியில் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் முகத்தில் கம்பிகளை வைத்தார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். அந்த முகத்துக்கு உயிர் வரவில்லை. தசை மட்டும்தான் அசைந்தது.

ஏரிக்கரையில் எதிராளி

அல்டீனியின் கையில் இருந்த கருவி, அவருடைய மாமா ஒப்புக்கொள்ளாத ஒருவரின் கண்டுபிடிப்பு. அவரைத் தேடிப் போக, போலோன்யாவிலிருந்து மிலான் வரை வேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து கோமோவுக்கு இன்னொரு ரயில். மிலான் கடோர்னா நிலையத்தில் ஏறினால் ஏரிக்கரைக்கு அருகிலேயே இறங்கிவிடலாம்.

கோமோ, அலெஸாண்ட்ரோ வோல்டாவின் சொந்த ஊர். வீட்டில் 'வோல்டேஜ் சரியில்லை' என்று அலுத்துக்கொள்ளும்போது நாம் உச்சரிப்பது இவரைத்தான். தவளைக்குள் மின்சாரம் இல்லை, தொட்ட இரண்டு உலோகங்களில்தான் விஷயம் இருக்கிறது என்று வாதிட்டார் வோல்டா. தன் நாக்கிலேயே இரு உலோகங்களை வைத்து, புளிப்புச் சுவை தட்டுவதைக் கண்டார். வெள்ளி, துத்தநாக வட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையைச் செருகினார். இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்தது. 1800 மார்ச்சில் அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அதுதான் உலகின் முதல் பேட்டரி.

ஏரிக்கரையில் தூண்களும் குவிமாடமுமாக ஒரு சிறு கோயில் போல நிற்கிறது 'டெம்பியோ வோல்டியானோ' அருங்காட்சியகம். வோல்டாவின் நூறாவது நினைவு ஆண்டான 1927-ஐ ஒட்டி எழுப்பியது. 1899-ல் இந்த ஊரில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து வோல்டாவின் கருவிகள் பல எரிந்துபோயின. தப்பியவற்றோடு மாதிரிகளும் இங்கே இருக்கின்றன. மாலையில் ஃபனிகுலர் ரயிலில் ஏறி, மலைமேல் இருக்கும் ப்ருனாத்தே கிராமத்துக்குப் போனால், வோல்டா பெயரிலேயே ஒரு கலங்கரை விளக்கமும் உண்டு.

இருவரில் யார் சொன்னது சரி? இருவருமே பாதி சரி. வோல்டா சொன்னபடி உலோகங்கள் மின்சாரம் தந்தன. கால்வானி சொன்னபடி நரம்பும் தசையும் மின்சாரத்தால்தான் இயங்குகின்றன. இன்றைய ஈ.சி.ஜி. அதற்குச் சாட்சி.

எந்த மெஷின் என்ன செய்யும்?

இந்த இரண்டு ஊர்களையும் பார்த்தவர்களுக்கு, பார்லர் மெஷின்களில் இருக்கும் ஒரு வேடிக்கை புரியும். 'கால்வானிக்' என்ற பெயரில் இருக்கும் மெஷின் செய்வது வோல்டாவின் வேலை. பேட்டரி போல ஒரே திசையில் சீராகப் பாயும், மில்லி ஆம்பியர் கணக்கிலான மின்சாரம். ஒரு முனையை வாடிக்கையாளர் கையில் பிடித்துக்கொள்வார், இன்னொன்று ஈரமான முகத்தில் நகரும். எதிர்முனையின் கீழ் காரத்தன்மை உண்டாகி, துளைகளில் இறுகிய எண்ணெய்ப் பசை இளகும். மருந்துக் கலவையை உள்ளே செலுத்தவும் இதே முறைதான். ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்ற விதி அங்கே வேலை செய்கிறது. அதே காரம்தான் ஆபத்தும். முனையை ஒரே இடத்தில் நிறுத்தினாலோ, மின்சாரத்தைக் கூட்டினாலோ தோல் வெந்துவிடும்.

தவளைக் காலின் துடிப்பு இருப்பது 'ஃபாராடிக்' மெஷினில். விட்டுவிட்டு வரும் மின்சாரம் தசையைச் சுருக்கும். பாரிஸ் மருத்துவர் டுஷேன் இதை வைத்து முகத்தசைகளை ஒவ்வொன்றாகத் தூண்டிப் புகைப்படம் எடுத்து 1862-ல் நூலாக்கினார். கருவியால் உதட்டை மேலே இழுக்க முடிந்தது. ஆனால் மனம் மகிழ்ந்து சிரிக்கும்போதுதான் கண்ணைச் சுற்றிய தசையும் தானாகச் சுருங்குகிறது என்று எழுதினார்.

ஹை ஃப்ரீக்வென்ஸி, பாரிஸின் தர்ஸோன்வால் ஆய்வில் இருந்து வந்தது. மின்சாரம் மிக வேகமாகத் திசை மாறினால் தசை துடிப்பதில்லை, வெப்பம் மட்டும் உண்டாகும் என்று 1890-களில் காட்டியவர் அவர். கண்ணாடிக் குழாயில் ஆர்கான் வாயு இருந்தால் ஊதா, நியான் இருந்தால் ஆரஞ்சு. குழாய்க்கும் தோலுக்கும் இடையே எழும் ஓசோன்தான் அந்த வாசனை. பருக்கிருமிகளைக் குறைக்கப் பயன்படுத்துகிறார்கள். மைக்ரோகரன்ட் இவற்றில் மிக மெல்லியது. தசை துடிக்காது. முகம் சற்று இறுகியது போலத் தெரியலாம், ஆனால் நிரந்தரமில்லை. தொங்கிய தோலை இழுத்துக் கட்டும் மந்திரம் எந்தப் பெட்டியிலும் இல்லை.

படுப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் இந்த மின் சிகிச்சைகளைத் தவிர்க்க வேண்டும். உடம்பில் உலோகத் தகடோ, பல்லில் க்ளிப்போ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திறந்த காயம், சீழ்ப்பரு, உணர்ச்சி குறைந்த சருமம் இருந்தாலும் கூடாது. தோடு, மூக்குத்தி, சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றுவது அவசியம். ஹை ஃப்ரீக்வென்ஸிக்கு முன் ஆல்கஹால் கலந்த டோனரைத் தடவினால், பொறி பட்டுத் தீப்பிடிக்கும். இதையெல்லாம் கேட்காமலே சுவிட்சைப் போடுகிற இடத்தில் எழுந்து வந்துவிடுவதே நல்லது. லேசாகக் கூசலாம். சுரீரென்று எரிந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

போலோன்யா போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. ஊரின் புகழ்பெற்ற டோர்டெல்லினி, ராகு எல்லாமே இறைச்சிப் பண்டங்கள். சைவக்காரர்கள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அடைத்த டோர்டெல்லோனியைக் கேட்டு வாங்கலாம். சாப்பிட்டுவிட்டு நடைக்கூடங்களின் நிழலில் கார்ப்புஸ் டோமினி வரை நடந்தால், லூச்சியாவையும் ஒருமுறை வணங்கிவிட்டு வரலாம்.