கோப்பைத் திறக்காமலே கோப்பை அறிவோம்!



கம்ப்யூட்டரில் நாம் படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் அது தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? வி.ஏ.ஓ. ஆபீசில் சிட்டா இருக்கு இல்லையா? காட்டுக்குப் போய்ப் பார்க்காமலே நிலம் யார் பேர்ல இருக்கு, எவ்வளவு பரப்புன்னு சொல்லிடலாம். அது மாதிரிதான் இதுவும்.

எங்க அக்கா பிளஸ் டூ படிச்சப்ப அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கு. அது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பாலிடெக்னிக்கில் சி மொழி படித்த அக்காதான் எனக்கு 'ஸ்டாட்' என்ற ஃபங்ஷனைச் சொல்லித் தந்தாள். 1971-ல் வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இது இருக்காம்!

கோப்பின் பெயரையும் ஒரு வெற்றுப் படிவத்தின் முகவரியையும் ஸ்டாட்டிடம் கொடுக்கணும். அது படிவத்தை நிரப்பித் தரும். சரியா முடிஞ்சா 0, அப்படி ஒரு கோப்பே இல்லைன்னா -1 என்று பதில் வரும். படிவத்தில் 'எஸ்டி_சைஸ்' என்பது அளவு. ஒரு கோப்பில் 'வடமதுரை'ன்னு மட்டும் எழுதி எண்டர் தட்டிப் பார்த்தேன். ஐந்து எழுத்துதானே? 22 பைட்டுன்னு வந்தது! யூனிகோடில் 'து', 'ரை' இரண்டும் துணைக்குறியோடு சேர்த்து இரண்டிரண்டு குறிகள். ஆக 7 குறி, குறிக்கு 3 பைட், எண்டருக்கு 1.

'எஸ்டி_எம்டைம்' என்பது கடைசியா எழுதப்பட்ட நேரம். 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி ஆச்சுன்னு ஒரு பெரிய எண்ணாக இருக்கும். 'சிடைம்' என்ற ஃபங்ஷன் அதைத் தேதியாக மாற்றும்.

இதை வைத்து எங்க அப்பத்தாவின் கும்மிப்பாட்டுக் கோப்பைப் பார்த்தோம். 2023 மே மாதம்னு காட்டியது. அம்மா திகைச்சுப் போயிட்டாங்க. ஏன்னா அப்பத்தா இறந்தது 2022-ல்! "செத்துப் போனவுக எப்புடிடீ பாடுவாக?"ன்னு கேட்டாங்க.

அக்கா விளக்கினாள். அந்தத் தேதி பாடின தேதி இல்லை. அந்தக் கோப்பு எழுதப்பட்ட தேதி. 2023-ல் பழைய போனின் மெமரி கார்டிலிருந்து 'சிபி' கட்டளை போட்டு நகல் எடுத்ததால், நகலுக்குப் புதுத் தேதி விழுந்திருக்கு. 'சிபி'யோடு '-பி' சேர்த்திருந்தால் பழைய தேதியே வந்திருக்கும். மெமரி கார்டைத் தேடிப் போட்டோம். 2021 ஜனவரி 16! முந்தின நாள் மாட்டுப் பொங்கல் கறிக்கொழம்பு மிச்சம் இருந்ததுகூட அம்மாவுக்கு நினைவு வந்திடுச்சு. அப்பத்தா படுக்கையில் விழுறதுக்கு முன்னாடி, நல்லா நடமாடின காலம் அது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் அம்மா அவ்வளவு ஆசைப்பட்டாங்க. அழுதுகிட்டே சிரிச்சாங்க.

அடுத்தது 'எஸ்டி_மோட்'. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி இதில் இருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, மற்றவர்னு மூன்று இலக்கம். பாட்டுக் கோப்புக்கு 444 போட்டோம். இனி தவறிக்கூட அதன் மேல் வேறெதுவும் எழுதப்படாது. ஆனால் இதை மட்டும் நம்பிடக் கூடாது. கோப்பை நீக்கும் அனுமதி அது இருக்கும் ஃபோல்டரைப் பொறுத்தது. அதனால் பென் டிரைவில் இன்னொரு நகலும், நோட்டில் தேதியும் எழுதி வைத்தோம்.

தோழர்களே! உங்க வீட்டுப் பழைய போனிலும் தாத்தா, பாட்டி குரல் இருக்கலாம். தூக்கி எறியும் முன் எடுத்து வையுங்கள், தேதியோடு!



இவண்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி