கூப்பிய கையின் கீழே

ஜப்பான் தேசத்தின் நடுவே, மலைகள் சூழ்ந்த கிஃபூ மாகாணத்தில் சிரகவாகோ என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அரண்மனையையும் ஆலயத்தையும் போற்றிக் காக்கும் தேசங்கள் பல. உழுது பிழைத்தவன் குடியிருந்த வீட்டையும் அவ்வாறே காப்பதைக் காணவேண்டும் என்னும் ஆவலே என்னை ஆங்கு இழுத்துச் சென்றது.

ஓகிமாச்சி என்னும் சிற்றூரின் புல்வேய்ந்த கூரைகள் இரண்டு கைகளைக் கூப்பினாற்போல் நிற்கின்றன. அதனால் அவற்றுக்குக் 'கஸ்ஸோ' வீடுகள் என்று பெயர். ஆனால், அவ்வடிவம் பக்தியினால் வந்ததன்று, பனியினால் வந்தது. குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குக் குவியும் பனி வழுக்கி விழவேண்டியே கூரை ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் எழும்புகின்றது. கூரைச் சட்டத்தில் ஓர் இரும்பாணியும் இல்லை. வைக்கோற் கயிற்றாலும், முறுக்கிய இளமரக் கொம்புகளாலும் இறுகப் பிணைத்திருக்கின்றனர். 1935-ஆம் ஆண்டில் இங்கு வந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டௌட், அறிவுக்கு இசைந்த அமைப்பென இவற்றைப் பாராட்டினார்.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்லை மாற்றவேண்டும். அன்று ஊரார் நூறு இருநூறு பேர் ஒருங்கே கூரைமீது ஏறுவர். கூலி கிடையாது. இன்று உன் வீடு, நாளை என் வீடு என்பதே கணக்கு. இதற்கு 'யூயி' என்று பெயர்.

1961-இல் முடிவுற்ற மிபொரோ அணைக்கட்டு இப்பள்ளத்தாக்கின் ஊர்கள் சிலவற்றை நீரில் ஆழ்த்திற்று. எஞ்சியவற்றைக் காத்தவர்கள் குடிகளே. விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971-இல் ஓகிமாச்சி மக்கள் கூடி உறுதி செய்துகொண்டனர். அரசாங்கத்தின் பாதுகாப்பு 1976-இல் வந்தது. உலக மரபுச் சின்னம் என்ற பெருமை 1995-இல்தான் வந்தது.

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்திருந்த எனக்கு, தெற்கே மிபொரோவிலுள்ள தோயாமா குடும்பத்தாரின் பெருவீட்டைக் கண்டபோது மனம் கனத்தது. அப்பகுதியில் ஒரே கூரையின்கீழ் இருபது முப்பது பேர் வாழ்ந்தனர். நிலமோ குறைவு, மாடியில் பட்டுப்புழு வளர்க்கவோ கைகள் பல வேண்டும். ஆகவே குடும்பத்துக்கு உரியவனாகும் மகன் ஒருவனே முறைப்படி மனைவியை வீட்டுக்கு அழைத்து வரலாம். தம்பிமார் பிறந்த வீட்டிலேயே உழைத்துக் கிடந்து, இரவில் பெண்ணின் வீட்டுக்குப் போய் வருவர். குழந்தை தாயின் வீட்டில் வளரும். மேஜி ஆட்சிக் காலத்திலும் (1868–1912) இவ்வழக்கம் நிலவிற்று. கூரையின் அழகைப் புகழ்வோர் இதனை ஒருவரியில் கடந்து விடுகின்றனர். எனக்கு அது இயலவில்லை.

மாலையில் ஓகிமாச்சிக்குத் திரும்பி ஒரு வீட்டினுள் சென்றோம். கூடத்தின் நடுவே தரையடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமையல் ஒன்றும் நடைபெறவில்லை. யாருக்காக இந்நெருப்பு என்று வினவினேன். "கூரைக்காக" என்றார் வீட்டு மூதாட்டி. உடன்வந்த நண்பர் மொழிபெயர்த்தார். புகை பட்டால்தான் புல்லும் கயிறும் பூச்சி அரிக்காமல் நெடுநாள் நிற்குமாம்.

அடுப்பின் நான்கு புறமும் யார் யார் அமர்வது என்பதற்குப் பண்டு கண்டிப்பான முறை உண்டு. மேற்புறம் குடும்பத் தலைவனுக்கு. விருந்தினர்க்கு ஒருபுறம். அங்கே என்னை அமர்த்தினர். விறகின் அடி நீட்டியிருக்கும் கீழ்ப்புறம் மருமகளுக்கும் வேலையாட்களுக்கும் உரியது. இப்போது அவ்விதி இல்லை, எவரும் எங்கும் அமரலாம் என்று மூதாட்டி நகைத்தார். நகைத்தவாறே அக்கீழ்ப்புறத்தில் அமர்ந்து விறகை உள்ளே தள்ளினார்.