ஆற்றங்கரைச் சிற்றூரில் ஓர் இளமைப் பருவம்

பிறந்த ஊரின் பெயரையே பட்டப்பெயராகப் பெற்ற ஓவியர் ஒருவரை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? இங்கிலாந்தின் ஸ்டான்லி ஸ்பென்சர் அத்தகையவர். அவரது ஊர் குக்கம்.

லண்டனுக்கு மேற்கே, பெர்க்‌ஷயர் மாவட்டத்தில், தேம்ஸ் ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் அது. நீண்ட கடைத்தெரு, பழமையான தேவாலயம், பரந்த புல்வெளி, ஆற்றின்மேல் 1867-இல் அமைந்த இரும்புப் பாலம், அதன் அருகே படகுத்துறை. 1891 ஜூன் 30 அன்று ஸ்பென்சர் இங்கே பிறந்தார். தந்தையார் இசை ஆசிரியர். அடுத்த தோட்டத்துக் கொட்டகையில் தமக்கையரே அவருக்குப் பாடம் கற்பித்தனர்.

1908 முதல் 1912 வரை லண்டனில் ஸ்லேட் கலைக்கல்லூரியில் பயின்றார். மாலையானதும் ரயிலேறி ஊர் திரும்பிவிடுவார். ஆதலால் உடன் பயின்றோர் அவரைக் 'குக்கம்' என்றே அழைத்தனர்.

அவ்வூர்ப் பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கும் காட்சி ஒன்றுண்டு. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில், அரசரின் ஆட்களும், திராட்சை மது வணிகர், சாயக்காரர் ஆகிய இரு பழம்பெரும் சங்கங்களின் ஆட்களும் துடுப்புப் படகுகளில் வந்து, தேம்ஸ் ஆற்று அன்னங்களைப் பிடித்து எண்ணுவர். முற்காலத்தில் அன்னம் விருந்துக்குரிய உணவு. ஆகவே உரிமை குறிக்கப்பட்டது. இன்றோ குஞ்சுகளை எடை பார்த்து, உடல்நலம் ஆய்ந்து, மீண்டும் ஆற்றில் விடுகின்றனர்.

ஒருநாள் தேவாலயத்தினுள் இருந்தபோது, வெளியே ஆற்றுக்குச் செல்வோரின் ஓசை ஸ்பென்சரின் செவியில் விழுந்தது. அதிலிருந்து ஓர் ஓவியம் அவர் உள்ளத்தில் உருவாயிற்று. கட்டுண்ட அன்னத்தைச் சுமந்து கரையேறும் ஆடவர், படகு மெத்தைகளைத் தூக்கிவரும் பெண்டிர், பின்னே அந்த இரும்புப் பாலம்! 1915-இல் அதனைத் தொடங்கினார். பாதிக்குமேல் முடிந்த வேளையில் உலகப் போர் அழைத்தது.

மருத்துவப் படையில் சேர்ந்து, 1916-இல் மாசிடோனியப் போர்முனை சென்றார். அந்நிய மலைகளிடையே அவர் நினைவெல்லாம் முற்றுப்பெறாத அந்த ஓவியத்தின் மீதே இருந்தது. 1918-இல் ஊர் திரும்பினார். ஆனால் அவருடைய சகோதரர் சிட்னி அதே ஆண்டில் போரில் மாண்டுபோயிருந்தார். ஓவியம் வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது. 1919-இல் அதனை நிறைவு செய்தார். எனினும், போருக்கு முன்பிருந்த மனத்தெளிவு மீண்டும் முழுமையாக வாய்க்கவில்லை என்ற ஏக்கம் அவரை விட்டகலவில்லை.

பிற்காலத்தில் பழைய குழந்தை வண்டியொன்றில் வண்ணப் பொருட்களை ஏற்றி, அதே தெருக்களில் தள்ளிச் சென்று வரைந்தார். 1959-இல் மறைந்தார். சிறுவயதில் தம் அன்னையுடன் சென்ற சிற்றாலயமே 1962 முதல் அவருடைய ஓவியக்கூடமாக விளங்குகின்றது. அந்தக் குழந்தை வண்டியும் அங்கே உள்ளது.

வாசகர்களே! குக்கத்தை விடப் பெரிய ஊர்கள் உலகில் எத்தனையோ உள. ஒரு சிறுவன் அதனைக் கண்திறந்து பார்த்தான். அதனால் அது உலகறிந்த ஊராயிற்று. உங்கள் தெருவையும் ஆற்றையும் குளத்தையும் உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கின்றனரா? ஒரு மாலைப் பொழுதில் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டுங்கள்.